மூடிய ஆலையில் பூங்கா வைக்கும் முன்

காலை நடைக்கு என்னோடு வருகிறவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். என்னைவிட ஆறு வயது இளையவர், "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். போன மாதம் ஒரு நாள் பேகம்பூரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு தோல் ஷாப்பின் முன்னால் நின்றுவிட்டார். மதில் ஒரு பக்கம் சரிந்து, உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கூரை ஓடுகளில் பாதி இல்லை.

"அண்ணே, நாலு ஏக்கருக்குக் குறையாது. இந்த ஷெட்டை எல்லாம் இடிச்சுத் தள்ளிட்டு, புல்தரை போட்டு, ஒரு நீரூற்று, பிள்ளைகளுக்கு ஊஞ்சல், வாசல்ல 'ஐ லவ் திண்டுக்கல்'னு பெரிய எழுத்து வச்சுட்டா, கொடைக்கானல் போற வண்டி எல்லாம் இங்க ஒரு மணி நேரம் நிக்கும்" என்றார்.

நியாயமான ஆசைதான். மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஊரில் நிற்க வைக்க வேறு என்ன இருக்கிறது? ஆனாலும் அன்று அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நீளமாக இருந்தது. இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் அம்மா வழியில் திண்டுக்கல், அப்பா வழியில் புதுச்சேரி. படித்ததெல்லாம் அங்கே, பிரெஞ்சு வழியில். எங்கள் வீட்டில் கடிகாரம் பெயருக்குத்தான். நேரம் சொன்னது ஆலைச் சங்கு. கடலூர் சாலையை ஒட்டி மூன்று பஞ்சாலைகள். 1820களின் கடைசியில் தொடங்கிய சவானா மில், 1892இல் வந்த கெப்லே மில், 1898இல் வந்த ரோடியர் மில். பிற்காலத்தில் அவை சுதேசி, பாரதி, ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறின. எங்கள் பாட்டிக்குக் கடைசி வரை சவானாதான், ரோடியர்தான். அப்பா ரோடியரில் கணக்குப் பிரிவில் இருந்தார். அவர் வேட்டியைத் தட்டினால் கூடப் பஞ்சு பறக்கும்.

1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தம் செய்து சவானா மில்லுக்குள்ளேயே இருந்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் போலீசார் சுட்டார்கள். பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அப்பாவுக்கு அப்போது பதினான்கு வயது. மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே விடவில்லை என்பதைத்தான் அவர் சொல்வார், அதற்கு மேல் பேசமாட்டார். அந்தப் போராட்டத்தை நடத்திய வ. சுப்பையாவின் பெயரை மட்டும் மரியாதையோடு சொல்வார். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே அதுதான் முதல் என்று புதுச்சேரிக்காரர்கள் இன்றைக்கும் மார்தட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இது ஒரு வரிகூடச் சொல்லித் தரப்படவில்லை. அதற்குப் பதில் எமிலி ஜோலாவின் 'ஜெர்மினால்' நாவலைப் பாடமாக வைத்தார்கள். வடக்கு பிரான்சின் நிலக்கரிச் சுரங்கம், அங்கே ஒரு வேலைநிறுத்தம், அங்கே ஒரு துப்பாக்கிச் சூடு. இரண்டு மைல் தள்ளி நடந்ததை விட்டுவிட்டு ஐயாயிரம் மைலுக்கு அப்பால் நடந்ததைப் படித்தோம். அப்போது அது எங்களுக்கு விசித்திரமாகப் படவில்லை.

அந்தச் சுரங்க நாட்டை நேரில் பார்க்கும் வாய்ப்பு, பணி ஓய்வுக்குப் பிறகு கிடைத்தது. மகள் லீல் நகரத்தில் இருக்கிறாள். அங்கிருந்து ரயிலில் லான்ஸ் பக்கம்தான். சிறிய ஊர், முப்பதாயிரத்துச் சொச்சம் ஜனத்தொகை. ஊரைச் சுற்றிக் கறுப்புக் குன்றுகள். சுரங்கத்திலிருந்து கரியோடு வந்த கல்லையும் மண்ணையும் நூறு வருடமாகக் கொட்டிக் கொட்டி எழுந்தவை. அவர்கள் அதைத் 'தெரி' என்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணல் மேடு நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன். மகளுக்கு விளக்கிச் சொல்வதற்குள் ரயில் நின்றுவிட்டது.

லான்ஸின் ஒன்பதாம் எண் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் 2012 டிசம்பர் 4 அன்று, பாரீஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கிளையைத் திறந்தார்கள். அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். அது சுரங்கத் தொழிலாளிகள் கும்பிடும் புனித பார்பராவின் திருநாள். கட்டடம் ஜப்பானியர்களுடையது, கண்ணாடியும் அலுமினியமும். என்னைக் கவர்ந்தது கட்டடம் இல்லை, அதைச் சுற்றியிருந்த இருபது ஹெக்டேர் நிலம். அதை வடிவமைத்தவர் கத்ரின் மொஸ்பாக் என்ற பெண்மணி. கரி வண்டிகள் ஓடிய பழைய தண்டவாள மேட்டையே நடைபாதையாக விட்டிருக்கிறார். ரயில் நிலையத்திலிருந்து அந்த மேட்டின் வழியாகத்தான் நடந்து போனோம். ஆலை மூடிய பிறகு தானாக முளைத்த பூர்ச்ச மரங்களை வெட்டவில்லை. சுற்றிலும் சுரங்கத் தொழிலாளிகளின் செங்கல் வீடுகள், அவற்றுக்கு மேல் தலை தூக்காத அளவுக்குக் கட்டடமும் தாழ்வாக இருக்கிறது. பக்கத்துக் கூரியேர் சுரங்கத்தில் 1906 மார்ச் 10 அன்று ஒரே விபத்தில் 1,099 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் மலர்ப்படுக்கை போட்டு அழகு பார்க்க ஒரு கூச்சம் இருக்க வேண்டும். அந்தக் கூச்சம் அங்கே இருந்தது. (அதற்காக அழுதுகொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே வட்டாரத்தில் ஐக்கூர் என்ற ஊரில் ஒரு தெரியின் சரிவில் 2011இல் திராட்சை நட்டு ஒயின் எடுக்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் கரிக்குன்றைக் கண்டாலும் அதில் என்ன குடிக்கக் கிடைக்கும் என்றுதான் பார்ப்பான்.)

மருமகன் மறு வாரம் காரில் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்குக்கு அழைத்துப் போனார். நான் எழுத நினைத்த விஷயத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது.

மைடரிஹ் என்ற பகுதியில் தைசன் நிறுவனத்தின் இரும்பு ஆலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து, 1985இல் மூடிவிட்டார்கள். ஏறத்தாழ 180 ஹெக்டேர், நம் கணக்கில் 440 ஏக்கருக்கு மேல். இடிப்பதற்கே பெரும் பணம் வேண்டும். அந்த வட்டாரம் முழுவதையும் சீர்செய்யும் ஒரு பத்தாண்டுத் திட்டத்தில் இந்த இடமும் சேர்க்கப்பட்டு, 1990 வாக்கில் பல குழுக்களிடம் வடிவமைப்புக் கேட்டார்கள். தேர்வானவர் பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர். 1994இல் மக்களுக்குத் திறந்தார்கள். இன்றைக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது, கதவும் கிடையாது.

உள்ளே போனால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். துருப்பிடித்த உலை அப்படியே நிற்கிறது. அதில் படிக்கட்டு வைத்து உச்சிக்கு ஏற விட்டிருக்கிறார்கள். எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி மூழ்கு பயிற்சி நடக்கிறது. கனிமம் கொட்டிய கான்கிரீட் சுவர்களில் மலையேறும் சங்கத்தார் கயிறு கட்டி ஏறுகிறார்கள். இரும்பு வார்ப்புக்குத் தரையாக இருந்த கனத்த இரும்புப் பலகைகளில் 49ஐ எடுத்துச் சதுரமாகப் பரப்பி, ஊர்ப் பொது முற்றம் போல ஆக்கியிருக்கிறார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து கனிமத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த விதைகள் முளைத்து, ஜெர்மனியில் இல்லாத செடிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அதையும் களை என்று பிடுங்கவில்லை. ஒரு பெரியவர், என் வயதிருக்கும், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உலையின் ஒரு வாயைச் சுட்டிக் காட்டி நெடுநேரம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஜெர்மன் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. மருமகன் சுற்றுச்சூழல் பொறியாளர், அவர் காலுக்குக் கீழே உள்ளதைச் சொன்னார். கரியைச் சுட்ட இடத்தில் மண் முழுக்கத் தார் விஷம். அத்தனையும் தோண்டி வேறு ஊருக்கு அனுப்பினால் அந்த ஊர் கெடும். எனவே லாட்ஸ் செய்தது: மிக மோசமான மண்ணை அங்கேயே இருந்த கான்கிரீட் தொட்டிகளில் போட்டு மூடி, மேலே தோட்டம் வைத்தார். ஓரளவு கெட்ட இடங்களை நல்ல மண்ணால் மூடினார். சில இடங்களில் யாரும் போகாதபடி விட்டுவிட்டார். ஆலைக்குள் ஓடிய பழைய எம்ஷர் ஆறு நெடுங்காலமாகத் திறந்த சாக்கடை. சுரங்கத்தால் நிலம் அமுங்கிக்கொண்டே இருந்ததால் பூமிக்குள் குழாய் போட முடியவில்லை, எனவே ஆற்றையே சாக்கடையாக்கிவிட்டார்கள். லாட்ஸ் சாக்கடையைப் பெரிய குழாயில் அடைத்துக் கீழே அனுப்பினார். மேலே புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டி, அடியில் களிமண் அடித்து இறுக்கி, கூரைகளில் விழும் மழைநீரை மட்டும் அதில் விட்டார். களிமண் எதற்கு? சுத்தமான மழைநீர் அந்தக் கெட்ட மண்ணுக்குள் இறங்கிவிடக் கூடாது என்பதற்கு.

இந்த ஒரு விஷயத்தைக் கேட்டதும் நான் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நம் ஊரில் மழைநீர் என்றால் உடனே பூமிக்குள் இறக்கு என்பார்கள். 2003இல் தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழி கட்டாயமானபோது, அந்த அறிக்கைகளை நகலெடுத்து அனுப்பியவர்களில் நானும் ஒருவன். நல்ல சட்டம்தான், வீட்டுக்கு நல்லது. தோல் ஷாப்புக்கு?

இனி திண்டுக்கல்லுக்கு வருகிறேன்.

இந்தச் சமவெளியில் தோல் தொழில் புதிதில்லை. ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு, உப்பு, தண்ணீர் இவை போதும். ஆவாரை இங்கே காட்டில் தானாக விளைந்தது. பட்டையில் ஊறப் போட்டால் தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். பிறகு குரோமிய உப்பு வந்தது, வாரக்கணக்கு வேலை ஓரிரு நாளில் முடிந்தது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க முதலிலேயே உப்பில் புரட்டித்தான் கொண்டுவருவார்கள். அதை ஊறவைத்த தண்ணீரில் அந்த உப்பு முழுக்க இறங்கும். உப்புத் தண்ணீரும் குரோமியத் தண்ணீரும் வாய்க்கால், குளம், கடைசியில் கிணறு.

1990களின் தொடக்கத்தில் நான் ஓர் அலுவலகத்தில் மனுக்களைப் பதிவு செய்யும் இருக்கையில் இருந்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மனுவோடு ஒரு சோடா பாட்டிலில் அவர் கிணற்றுத் தண்ணீர். டீ நிறம். மேஜை மேல் வைத்தார். "ஐயா, இதைக் கொஞ்சம் நாக்கில வச்சுப் பாருங்க" என்றார். நான் மனுவை வாங்கி எண் போட்டேன். "பாட்டிலை எல்லாம் ஃபைல்ல கட்ட முடியாதுய்யா, எடுத்துட்டுப் போங்க" என்றேன். எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனுவின் மேல் வழக்கமான வாசகத்தை எழுதி, வழக்கமான இடத்துக்கு அனுப்பினேன். விதிப்படி அதுதான் சரி. பாட்டிலை ஃபைலில் கட்ட முடியாது என்பதும் உண்மைதான்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றங்கரைக்காகத் தொடங்கிய வழக்கு, ஆனால் அதில் திண்டுக்கல்லும் இருந்தது. தோல் ஷாப்புகள் நிறைந்த ஐந்து மாவட்டங்களில் ஒவ்வொரு ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. அதற்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஒரு சோடா பாட்டில்தான் தெரிந்தது.

இப்போது வாத்தியாரின் புல்தரைக்கு வருவோம். புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரைக் குடிப்பதற்கே நாள் கணக்கு வைத்துப் பிடிக்கிற ஊர் இது. போர் போட்டால் வருவது எந்தத் தண்ணீர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட மோசம், புல்லுக்கு ஊற்றுகிற ஒவ்வொரு குடமும் மேல்மண்ணில் இருக்கிற உப்பையும் குரோமியத்தையும் இன்னும் கீழே தள்ளும், பக்கத்துக் கிணற்றுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். நாம் பூங்கா வைத்ததாக நினைப்போம். மண்ணுக்கோ ஆலை மறுபடி ஓடுகிற மாதிரி.

இடத்தைச் சுத்தம் செய்யாமல் நினைவிடத்தைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும் என்பதற்குப் போபால் இருக்கிறது. யூனியன் கார்பைடு வளாகத்தில் நினைவிடம் அமைக்க 2005இலேயே வடிவமைப்புப் போட்டி நடந்து, டெல்லிக் கட்டடக் கலைஞர்கள் தேர்வும் ஆனார்கள். ஆனால் அங்கே குவிந்திருந்த 337 டன் நச்சுக் கழிவை வளாகத்தைவிட்டு வெளியே எடுத்தது 2025 ஜனவரியில்தான். விபத்து நடந்து நாற்பது வருடம். அப்போதும் மண்ணுக்குள் இறங்கியது இறங்கியதுதான்.

அதனால் வேண்டாம் என்கிறேனா? இல்லை. என்னைக் கேட்டால் அந்த நாலு ஏக்கரில் முதல் வருடம் ஒரு செடியும் நடக் கூடாது. இருபது முப்பது இடத்தில் மண் எடுத்துச் சோதிக்க வேண்டும். மோசமான மண்ணை எல்லாம் பழைய சுண்ணாம்புத் தொட்டிகளுக்குள் தள்ளி, மேலே களிமண் அடித்து மூடலாம். தொட்டிகள் ஏற்கெனவே இருக்கின்றன, அவை ஒழுகாதபடி பூச வேண்டும், அவ்வளவே. மழைநீரை அங்கே இறக்காமல், மூடிய வாய்க்காலில் வெளியே கொண்டுபோய் நல்ல மண்ணில் விட வேண்டும். ஷெட்டில் ஒன்றையாவது இடிக்காமல் ஓடு மாற்றி, தோல் உருட்டிய பெரிய மரப்பீப்பாயை அதில் நிறுத்த வேண்டும். அந்தப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் இன்னும் பேகம்பூர்த் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வைத்தால் 'ஐ லவ்' எழுத்தைவிட அதற்குத்தான் வண்டி நிற்கும். நல்ல மண் போட்டு மூடிய மேட்டில் புல்லுக்குப் பதில் ஆவாரை. தண்ணீர் கேட்காது, ஆடு அதிகம் கடிக்காது, மஞ்சளாகப் பூக்கும். இந்தத் தொழில் எதிலிருந்து ஆரம்பித்ததோ அந்தச் செடியே காவல் நிற்கட்டும்.

புதுச்சேரிக்கும் இதைத்தான் சொல்வேன். ஏ.எஃப்.டி. 2011 தானே புயலில் சிதைந்து, 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. மற்ற இரண்டும் அதே ஆண்டில். ஜூலை 30 அன்று மட்டும் கடலூர் சாலை நினைவிடத்தில் மாலை போடுகிறார்கள். நாளைக்கு அந்த வளாகங்களில் எது வந்தாலும், சுட்ட இடம் எது என்று ஒரு கல்லாவது வேண்டும். சங்கையும் ஒரு நாளைக்கு ஒரு தடவை ஊதலாம். நிலவடிவமைப்பு என்றால் செடி மட்டும்தான் என்று யார் சொன்னது?

இதையெல்லாம் மறுநாள் நடையில் வாத்தியாரிடம் சொன்னேன். பாட்டில் கதையையும் சொன்னேன், முதல் தடவையாக. அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஊஞ்சல்?" என்றார்.

"மண்ணைச் சோதிச்சப்புறம் வைக்கலாம், வாத்தியாரே."

எதிரே இருந்த டீக்கடையில் ஒரு பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஷாப்பில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவராம். விரல் நகங்கள் இன்னும் பழுப்பு. உள்ளே கிணறு இருக்கிறதா என்று கேட்டேன். "ரெண்டு இருக்கு. ஒண்ணு தெரியும், வடக்குப் பக்கம். இன்னொண்ணை மண்ணைப் போட்டு மூடிட்டாங்க. புளிய மரத்துக்கும் பழைய ஆபீஸ் ரூமுக்கும் நடுவுல பார்த்தா, தரை கொஞ்சம் பள்ளமா இருக்கும்" என்றார். வாத்தியார் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, டீக் கிளாஸின் மேல் வைத்துப் படம் போட்டுக் குறித்துக்கொண்டார்.